மரமும் இரும்பும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், அமெரிக்காவில் கிட்டாக விற்கும் கருமருந்துத் துப்பாக்கிகளைப் பற்றி நாலு பத்தி எழுதியிருந்தேன். குழலின் வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டு இடிகோலால் இடித்துச் சுடும் பழைய வாய்க்கெட்டிப்பு வகை அது. உதிரியாக வாங்கி வீட்டிலேயே பூட்டி மெருகேற்றுகிறார்கள். வந்த கடிதங்களில் பாதி சட்டத்தைப் பற்றிக் கேட்கின்றன, மீதி நேராக வேலைக்குள் இறங்கிவிட்டன. வேலையை முதலில் பார்ப்போம்.

கேள்வி: இத்தாலியில் செய்த 12 போர் (bore, குழல் விட்டத்தின் அளவு) இரட்டைக் குழல் கிட் ஒன்று வாங்கிவிட்டேன் ஐயா. கேப், அதாவது தட்டினால் வெடிக்கும் சின்ன உலோக மூடி, வைத்துச் சுடும் வகை. குழல் மெருகில்லாத வெறும் இரும்பு, துப்பாக்கியின் மரக் கட்டை முக்கால்வாசி செதுக்கிய வால்நட். பெட்டியைப் பிரித்ததும் உப்புத்தாளை எடுக்கத்தான் கை போகிறது. எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், லான்காஸ்டர், பென்சில்வேனியா

பதில்: உப்புத்தாளை அலமாரியில் வைத்துவிடுங்கள், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. நீங்கள் இருக்கும் வட்டாரம் சாதாரண வட்டாரம் இல்லை. 1700களில் ஜெர்மானியக் கொல்லர்கள் நீளக் குழல் ரைஃபிளை வளர்த்தெடுத்த மண் அது. அங்கே ஏதாவது ஒரு அருங்காட்சியகத்தில் பழைய துப்பாக்கியைப் பார்க்க வாய்த்தால் மினுமினுப்பை விட்டுவிட்டு மரமும் இரும்பும் சேருகிற கோட்டைப் பாருங்கள். நல்ல வேலையில் அந்த இடத்தில் நகம் நுழையாது. ஒரு கிட் துப்பாக்கி நல்லதா கெட்டதா என்பது முழுக்க அந்தக் கோட்டில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. மெருகு மோசமாக வந்தால் சுரண்டிவிட்டு மறுபடி போடலாம், மரத்தில் கூடுதலாக ஒரு சீவல் போய்விட்டால் அது போனதுதான்.

முதலில் எல்லா உறுப்புகளையும் மேசையில் பரப்பி, கூடவந்த படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் எதையும் அராவாமல், தேய்க்காமல், போகிற அளவுக்கு ஒருமுறை பூட்டிப் பாருங்கள். கட்டாயப்படுத்தாதீர்கள். எங்கே இறுக்கம், எங்கே இடைவெளி, எந்தத் திருகாணி கோணலாகப் போகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் அதுதான் உங்கள் வேலைப் பட்டியல்.

இப்போது கட்டை. இரட்டைக் குழல் துப்பாக்கியில் குழல்களின் பின்முனையில் ஒரு கொக்கி இருக்கும், அது கட்டையில் திருகியிருக்கும் இரும்புத் தலைப்பில் மாட்டிக்கொள்ளும், முன்னால் ஒரு ஆப்பு குறுக்கே போய்க் குழலைக் கட்டையோடு பிடித்துக்கொள்ளும். சுடும்போது வரும் உதைப்பு முழுவதும் அந்தத் தலைப்பு வழியாகத்தான் மரத்துக்குப் போகிறது. தலைப்பின் பின்பக்கத் தட்டையான முகம் மரத்தில் சமமாக, அகலமாக உட்கார வேண்டும். அதன் வால் பகுதி பின்னால் மெலிந்து போகுமே, அதன் கடைசி நுனி மரத்தைத் தொடவே கூடாது, ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விடுங்கள். நுனி முதலில் முட்டினால் ஒவ்வொரு உதைப்பிலும் அது ஆப்பு மாதிரி வேலை செய்து, துப்பாக்கியின் கழுத்துப் பகுதியைப் பிளந்துவிடும். இரட்டைக் குழலில் இரண்டு பக்கமும் பூட்டுக்காக, அதாவது சுடவைக்கும் பொறிக்காக, மரத்தைக் குடைந்திருப்பதால் நடுவில் மிச்சம் இருக்கும் மரம் கொஞ்சம்தான், ஒற்றைக் குழலை விட இங்கே பயம் அதிகம்.

எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. விளக்குக் கரியைக் கொஞ்சம் எண்ணெயில் குழைத்து இரும்பின் மேல் மெல்லிசாகப் பூசி, மரத்தில் உட்காரவைத்து, லேசாக ஒரு தட்டுத் தட்டி எடுங்கள். கறுப்பு ஒட்டிய இடம்தான் மேடு. அதை மட்டும் கூரான உளியாலோ சுரண்டியாலோ எடுத்துவிட்டு மறுபடி பூசி, மறுபடி உட்காரவையுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் இதற்குக் குறுக்குவழி கிடையாது. முகம் முழுவதும் பொட்டுப் பொட்டாகக் கறுப்பு பரவி விழ ஆரம்பித்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பூட்டுத் தகடுகளுக்கும் இதே முறைதான், ஒரு கூடுதல் சோதனையோடு. பூட்டைக் கையில் வைத்திருக்கும்போது குதிரை (கேப்பை அடிக்கும் சுத்தி) நன்றாக ஏறி நிற்கிறது, கட்டையில் வைத்துப் பக்கத் திருகாணியை இறுக்கியதும் நிற்கவில்லை அல்லது மந்தமாக விழுகிறது என்றால் உள்ளே ஏதோ ஒரு உறுப்பு மரத்தில் உரசுகிறது என்று அர்த்தம். கரியைப் பூசி அந்த இடத்தைக் கண்டுபிடித்து மரத்தை எடுங்கள். பூட்டின் உள்ளே குதிரையைப் பிடித்து நிறுத்தும் பல்லையும் காடியையும் அராவ வேண்டாம், எவ்வளவு ஆசை வந்தாலும். அவை மேற்பரப்பில் கடினமாக்கிய உறுப்புகள், ஒரு இழுப்பில் அந்தத் தோல் போய்விடலாம். குதிரையைப் பாதி ஏற்றத்தில் நிறுத்தி விசையை அழுத்திப் பாருங்கள். விழக் கூடாது. விழுந்தால் அந்தப் பூட்டை விற்றவருக்கே திருப்பி அனுப்புங்கள். இந்தச் சோதனைகளை வெறும் துப்பாக்கியில்தான் செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கேப் மாட்டும் சின்னக் குழாயான நிப்பிள் மேல் ஒரு தோல் துண்டை வைத்துக்கொண்டு செய்யுங்கள், இல்லாவிட்டால் அதன் வாய் நசுங்கும்.

கடைசியாகத்தான் உப்புத்தாள். அப்போதும் விரலால் தேய்க்காதீர்கள். பித்தளை அடித்தகடு, பூட்டுத் தகடு, விசைக்காப்பு எல்லாம் இடத்தில் இருக்கும்போதே, ஒரு கெட்டியான மரத்துண்டில் தாளைச் சுற்றி, மரத்தையும் உலோகத்தையும் சேர்த்தே தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் மென்மையான மரம் சீக்கிரம் போய், உலோகத்தைச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்துவிடும். பூட்டைச் சுற்றியுள்ள தட்டையான பகுதியின் விளிம்புகள் கூர்மையாகவே இருக்கட்டும். அவை மழுங்கிப்போன துப்பாக்கியைப் பத்தடி தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம்.

கேள்வி: குழலுக்குப் பழைய காலத்துப் பழுப்பு நிறம் ஏற்ற விரும்புகிறேன். கேஸ் டார்ச்சால் சூடாக்கித் தடவும் திரவம் ஒரே மாலையில் முடிந்துவிடும் என்கிறார்கள். என்னுடையது இரட்டைக் குழல். செய்யலாமா?
– ஒரு வாசகர், ஓஹையோ

பதில்: ஒற்றைக் குழலாக இருந்தால் செய்யுங்கள் என்பேன். இரட்டைக் குழலுக்கு வேண்டாம்.

இரண்டு குழல்களையும் நடுவில் ஓடும் பட்டையையும் பெரும்பாலும் ஈயமும் தகரமும் கலந்த பற்றால்தான் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பற்று 183 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளக ஆரம்பிக்கும். நீங்கள் சொல்லும் திரவத்துக்குக் குழல் ஏறத்தாழ 135 டிகிரியில் இருக்க வேண்டும். கணக்குப்படி இடைவெளி இருக்கிறதுதான், ஆனால் கையில் பிடித்த டார்ச் கணக்குப் பார்க்காது. ஒரு இடத்தில் ரெண்டு நொடி அதிகம் நின்றால் பட்டை எழும்பிவிடும், அதை மறுபடி நேராக ஒட்டுவது வீட்டு வேலை இல்லை. காரக் கரைசலில் கொதிக்கவைத்து நீலக் கறுப்பு ஏற்றும் தொழிற்சாலை முறையும் இதற்கு ஆகாது, காரம் அந்தப் பற்றையே தின்றுவிடும். பழைய ஆங்கிலேய இரட்டைக் குழல்களுக்கெல்லாம் மெதுவாகத் துருப்பிடிக்கவிட்டே நிறம் ஏற்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே குளிர்முறைத் துருவேற்றம். குழலை 220 அல்லது 320 எண் தாள் வரை நீளவாக்கில் தேய்த்தால் போதும். கண்ணாடி போல ஆக்கினால் துருவுக்குப் பிடிமானமே இருக்காது. தேய்க்கும்போது வாய்ப் பக்கம் கவனம், இரட்டைக் குழலில் அங்கே உலோகம் மெல்லிசு. சோதனைச்சாலை முத்திரைகளை அழித்துவிடாதீர்கள், இத்தாலியக் குழலில் அவை கார்தோனே வால் திரோம்பியா ஊரில் குத்தியவை. அந்தக் குழல் அழுத்தச் சோதனையில் தேறியதற்கு உங்கள் கையில் இருக்கும் சான்று அவைதான்.

குழலின் இரண்டு முனைகளையும் கிரீஸ் தடவிய மரக்கட்டையால் அடைத்து, நிப்பிள் துளைகளையும் அடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடைத்தபின் வெறும் விரல் படக் கூடாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். துருவேற்றும் கரைசலை ஒரே இழுப்பில் மெல்லிசாகத் தடவி, ஈரப்பதம் உள்ள இடத்தில் தொங்கவிடுங்கள். ஓஹையோ குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீடு வறண்டு கிடக்கும். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி கட்டவைக்கலாம், அல்லது உயரமான ஒரு பெட்டிக்குள் ஈரத்துணியோடு தொங்கவிடலாம். சில மணி நேரத்தில் மேலே செந்தூள் பூக்கும். முரட்டுச் சாக்குத்துணியால் அதை அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி தடவுங்கள். முதல் ரெண்டு தடவை திட்டுத்திட்டாக, பார்க்கவே மனம் நோகும்படி இருக்கும். அப்போது விட்டுவிடாதீர்கள். ஐந்தாறு சுற்றில் ஒன்றாகக் கூடி, கையில் தொட்டால் லேசாகச் சொரசொரக்கும் ஆழ்ந்த பழுப்பு வந்துவிடும்.

கறுப்புதான் வேண்டும் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் துருப்பிடித்த குழலைக் கொதிக்கும் தண்ணீரில் மூழ்கவையுங்கள். சிவந்த துரு மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாக மாறும். கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் பற்றுக்கும் ஆபத்தில்லை.

போதும் என்று தோன்றியதும் சமையல் சோடா கலந்த வெந்நீரில் நன்றாகக் கழுவி, சூடு இருக்கும்போதே எண்ணெய் பூசுங்கள். பழுப்பேற்றத்தில் துரு சொன்னவுடன் நின்றுவிடாது. அடுத்த சில நாட்கள் காலையில் எடுத்துப் பார்த்து, புதிதாகப் பூத்திருந்தால் துடைத்து மறுபடி எண்ணெய் போடுங்கள்.

கேள்வி: துப்பாக்கி கணவருடையது, மரவேலை என்னுடையது. கட்டைக்கு எந்த எண்ணெய்? சாயம் வேண்டுமா? சிலர் அமிலம் பூசச் சொல்கிறார்களே?
– ஒரு வாசகி, மினசோட்டா

பதில்: எந்த மரம் என்று எழுதியிருந்தால் சுருக்கமாகச் சொல்லியிருப்பேன், ரெண்டுக்கும் சொல்லிவிடுகிறேன். வால்நட் என்றால் சாயம் வேண்டாம். எண்ணெய் பட்டதுமே அதன் சொந்த நிறம் எழுந்து வரும். அமெரிக்கக் கிட்களில் வரும் அலையோடிய மேப்பிள் என்றால் கதை வேறு. வெறும் எண்ணெய் மட்டும் போட்டால் அந்த மரம் வெளுத்தே கிடக்கும். அதற்குத்தான் இரும்பைக் கரைத்த நைட்ரிக் அமிலம், அக்வா ஃபோர்டிஸ் என்று பழைய பெயரிலேயே இன்றும் விற்கிறார்கள். பூசிக் காயவிட்டு ஹீட் கன்னால் சூடு காட்டினால், சாம்பல் பச்சையாக இருந்தது கண்ணெதிரே செம்பழுப்பாக மாறி, அலைகள் மேலெழும். வெளியில் வைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள், தயாரித்த கரைசலையே வாங்குங்கள், வீட்டில் அமிலத்தில் இரும்பைக் கரைக்க முயல வேண்டாம். பிறகு சோடா நீரால் அமிலத்தை முறித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மரத்தோடு ஒட்டி இருக்கும் இரும்பை அது அரிக்கும்.

எந்த மரமானாலும் எண்ணெய்க்கு முன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். படுத்திருந்த இழைகள் மீசை போல எழுந்து நிற்கும், அவற்றைப் புதுத் தாளால் லேசாக வெட்டிவிட்டு மறுபடி நனையுங்கள். இழை எழுவது நிற்கும் வரை இதைச் செய்தால்தான் பின்னால் ஒரு மழைநாளில் கட்டை சொரசொரத்துப் போகாது.

எண்ணெய்க்கு என் தேர்வு ஆளிவிதை எண்ணெய், கடையில் பாய்ல்டு லின்சீட் ஆயில் என்று கிடைப்பது. ஒரு தடவைக்குச் சில சொட்டு போதும், உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டு மறுநாள் வரை விட்டுவிடுங்கள். இந்த எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு கெட்டிப்படுகிறது. தடித்துப் பூசினால் மேலே ஆடை கட்டி உள்ளே பிசுபிசுப்பாகவே கிடக்கும். ட்ரூ ஆயில் போன்ற தயார்க் கலவைகள் சீக்கிரம் காயும், பளபளப்பு கொஞ்சம் கூடுதல். பழைய துப்பாக்கிக்கு அந்தப் பளபளப்பு எனக்கு ஒத்துவருவதில்லை, உங்களுக்குப் பிடித்தால் தாராளமாகப் போடுங்கள். அடித்தகட்டுக்குக் கீழே, பூட்டுக் குழிகளுக்குள், இடிகோல் போகும் துளையில் என்று வெளியே தெரியாத இடங்களுக்கும் எண்ணெய் காட்ட மறக்காதீர்கள், ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் படியுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆக்சிஜனை வாங்கும்போது அது சூட்டை வெளியிடுகிறது, குவிந்து கிடக்கும் துணி யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த டப்பாவில் அமுக்கி மூடிவையுங்கள்.

கேள்வி: அம்மப்பா வன்னியில் இடியன் துவக்கு வைத்திருந்தவர். அந்த ஞாபகத்துக்கு ஒன்று நானே செய்து வைக்க விருப்பம். கனடாவில் லைசென்ஸ் எடுக்க வேணுமோ?
– ஒரு வாசகர், டொராண்டோ

பதில்: எந்த வகைப் பூட்டு என்பதைப் பொறுத்தது. கேப் வைத்துச் சுடும் வகையின் புதிய நகலுக்கு லைசென்ஸ் வேண்டும். சக்கிமுக்கிக் கல்லால் பொறி பறக்கும் வகை, அதற்கும் முந்திய சக்கரப்பூட்டு, திரிப்பூட்டு இவற்றின் நீளத் துப்பாக்கி நகல்கள், 1898க்குப் பிறகு செய்தவையாக இருந்தாலும், பழம்பொருளாகவே கணக்கில் வரும், லைசென்ஸ் தேவையில்லை. பத்திரமாக வைக்கும் விதிகள் அவற்றுக்கும் உண்டு.

உங்களுக்குக் கல் வகையையே சொல்வேன், சட்டத்துக்காக மட்டும் இல்லை. பூட்டுக்கு வெளியே கிண்ணியில் மருந்து எரிவதும், அந்தத் தீ துளை வழியாக உள்ளே ஓடுவதும் கண்ணுக்கே தெரியும். அந்தப் பளிச்சைப் பார்த்துப் பறவைகள் தப்பிவிடுகின்றன என்பதால்தான் ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி ஊர்ப் பாதிரியார் அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சித் தட்டினால் வெடிக்கும் மருந்தைப் பூட்டுக்குள் கொண்டுவந்து, 1807ல் காப்புரிமை வாங்கினார். கேப் வந்தது அதன் தொடர்ச்சியாகத்தான்.

கேள்வி: திருநெல்வேலியில் இருந்துகொண்டு இப்படி ஒரு கிட் வரவழைக்க முடியுமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: முடியாது, முயலவும் வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம், செய்வதும், விற்பதும், தொழிலாகப் பழுதுபார்ப்பதும் குற்றம். நாட்டுத் துப்பாக்கி என்பதால் சலுகை கிடையாது. குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் உரிமத்திலிருந்து விலக்கு இருக்கிறது, 2019ல் அதை மேலும் பத்தாண்டு நீட்டித்தார்கள், ஆனால் அது வைத்திருப்பதற்கான விலக்கு, அதுவும் அவர்களுக்கு மட்டும். வீட்டில் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஏதாவது கிடந்தால் அதைத் திறந்து பார்க்காமல் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். பழையவை மருந்து கெட்டித்தபடியே கிடப்பதுண்டு.

அமெரிக்காவிலும் எங்கும் ஒரே மாதிரி இல்லை. 1968ஆம் ஆண்டு கூட்டரசுச் சட்டம் கருமருந்து வாய்க்கெட்டிப்புத் துப்பாக்கியைப் பழம்பொருள் கணக்கில் வைப்பதால் கிட் தபாலிலேயே வந்துவிடுகிறது. நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. பணம் கட்டுவதற்கு முன் உங்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள், விசாவில் இருப்பவர்கள் ஒரு வழக்கறிஞரையும் கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: முடித்துவிட்டேன் அண்ணா! இந்தப் பருவத்தில் புறாவுக்கும் வாத்துக்கும் கொண்டுபோகப் போகிறேன். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், டெக்சாஸ்

பதில்: வாழ்த்துகள். கொண்டுபோவதற்கு முன், இந்தத் துப்பாக்கிகளில் பழகிய ஒருவரிடம் காட்டி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். 1933ல் தொடங்கிய தேசிய வாய்க்கெட்டிப்பு ரைஃபிள் சங்கம் இந்தியானாவின் ஃப்ரெண்ட்ஷிப் ஊரில் இருக்கிறது. அங்கே போக முடியாவிட்டால் உங்கள் பக்கத்துக் கருமருந்துச் சங்கம் ஒன்றைத் தேடுங்கள்.

கருமருந்து, அல்லது அதற்கு ஈடாக விற்கும் மருந்து, இவை மட்டும்தான். இன்றைய துப்பாக்கிகளுக்கான புகையில்லா மருந்து ஒரு சிட்டிகை கூட ஆகாது, கலந்தும் ஆகாது. அதன் அழுத்தத்தில் குழல் வெடித்துவிடும், கை போய்விடும். எவ்வளவு மருந்து, எவ்வளவு ரவை என்பதைக் கிட்டோடு வந்த கையேட்டில் பார்த்துச் செய்யுங்கள், யார் வாய்மொழியாகச் சொன்னாலும் எடுத்துக்கொள்ளாதீர்கள். காலிக் குழலில் இடிகோலை விட்டு, வாய் மட்டத்தில் கோல் மேல் ஒரு கோடு போட்டுவையுங்கள், ரெண்டு குழலுக்கும். கோடு வெளியே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. ஒரு குழலைச் சுட்டுவிட்டு மறுபடி நிரப்பும்போது, மற்றதில் கேப் இருந்தால் அதை முதலில் எடுத்துவிட வேண்டும், முகமும் கையும் வாய்க்கு நேரே போகக் கூடாது. அந்தக் குழலின் ரவை உதைப்பில் முன்னால் நகர்ந்திருக்கலாம், கோலால் அழுத்தி மறுபடி உட்காரவையுங்கள்.

வாத்துக்கு ஈய ரவை 1991 முதல் அமெரிக்கா முழுவதும் தடை. எஃகு ரவையைப் போட்டுவிடாதீர்கள், இந்தக் குழல்களின் மென்மையான இரும்பைக் கீறிவிடும். பிஸ்மத் ரவை வாங்குங்கள், விலை கூடுதல்தான், ஆனால் பழைய வகைக் குழலுக்குப் பொருத்தம். புறாவுக்கு ஈயம் பெரும்பாலான இடங்களில் சரி, சில பொது நிலங்களில் அங்கேயும் தடை உண்டு. குழலின் வாய்ப் பக்கம் குறுக்கம் இல்லாவிட்டால் ரவை சீக்கிரம் விரிந்துவிடும், 25 கெஜத்துக்கு அப்பால் இருப்பதை விட்டுவிடுங்கள், அடிபட்டுப் பறந்துபோகும் பறவையைத் தேடிப் பிடிப்பது கடினம்.

சுட்ட அன்றைக்கே சுத்தம் செய்யுங்கள், வீட்டுக்கு வந்து சாப்பிட்டபின் என்று தள்ளாதீர்கள். கருமருந்தின் கழிவு உப்புகள் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு இரவோடு இரவாகக் குழலை அரிக்கும். ஆப்பைத் தட்டி எடுத்தால் குழல் தனியாக வந்துவிடும். நிப்பிள்களைக் கழற்றி, பின்முனையை ஒரு வாளி வெந்நீரில் வைத்து, துணி சுற்றிய கோலை மேலும் கீழும் இழுத்தால் தண்ணீர் உள்ளே ஏறி இறங்கிக் கறுப்பெல்லாம் வெளியே வரும். தண்ணீர் தெளியும் வரை செய்து, காய்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் பூசி வையுங்கள். மறுநாள் காலை ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டுப் பாருங்கள், பழுப்பு ஒட்டினால் மறுபடி வெந்நீரிலிருந்து தொடங்க வேண்டும்.